நூற்றுப்பதினான்காம் எண் நிழல்

வந்திருந்தவர்கள்: பெர்தோக் ஜிக்மோந்த், மலை மணியக்காரர், கூட்டு நிர்வாகக் குழுவின் தலைவர். ஹெகெதூஷ் தெஜோ, ஊர்த் தலைவர். கெலெமென் பாதிரியார், திருச்சபை நிலங்களின் சார்பில். ரேக்கா, நிலக்காட்சிப் பாதுகாப்பு அதிகாரி. வில்மோஷ், பெரிய ஒயின் நிறுவனத்தின் மேலாளர். எமெஷே, குறிப்பெழுதுபவர். திமார் ஓர்ஷோயா, நிலத்துக்காரி. அவளுடைய நாய். வால்நட் மர நிழல் ஒன்று, மரம் இல்லாமல். நீளம் பதினொரு மீட்டர், அகலம் ஏழு.

அந்த அக்டோபர் நாளின் நடவடிக்கைக் குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. நாயைச் சேர்த்தது முறையல்ல என்று பிறகு ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்கள். நிழலை அடிக்கவில்லை. அது பட்டியலில் இருப்பது. பட்டியலில் இருப்பதை அடிக்க ஐந்து உறுப்பினர்களும் கையெழுத்துப் போட வேண்டும், நிலத்துக்காரியின் கையெழுத்தும் வேண்டும். எங்கள் சாரஸ்கோ ஊரில் ஐந்து பேர் சேர்ந்து செய்த காரியம் என்று பார்த்தால், என் நினைவுக்கு எட்டியவரை, சாப்பாடு ஒன்றுதான்.

தொக்காய் மலைச் சரிவுகளை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்த வருடம், ஒவ்வொரு ஊரும் தன் திராட்சைச் சரிவுகளில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துத் தரவேண்டியிருந்தது. எத்தனை கற்சுவர், எத்தனை நிலவறை, எந்தச் சிலுவை எந்த வளைவில் என்று நடந்து போய்ப் பார்த்து எழுத வேண்டிய வேலை. குழு அதை புடாபெஸ்டிலிருந்து வந்த ஒரு நிபுணரிடம் கொடுத்தது. அவர் அக்டோபரில் ஒரே ஒரு நாள் வந்தார். மாலை நான்கு மணிக்குச் சாலையில் நின்று ஒரு புகைப்படம் எடுத்தார், காற்று அதிகம் என்றார், ஆற்றங்கரைக்குப் போய் மீன் சூப் குடித்தார், ஊர் திரும்பிவிட்டார். பட்டியலை மேசையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்து எழுதினார். நூற்று அறுபத்திரண்டு இனங்கள். அதில் நூற்றுப்பதினான்காவது: ‘பூனைப்பொந்துச் சரிவில் நீள்வட்டக் கருந்திட்டு, தொன்மையானது, காட்சியின் சமநிலைக்கு இன்றியமையாதது, இடம் மாறவோ உரு மாறவோ விடக்கூடாது.’ அது திமார் குடும்பத்தின் நிலத்தில் விழுந்த வால்நட் மரத்தின் நிழல் என்பது ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மரம் சாலையோரமாக, படத்தின் சட்டத்துக்கு ஐந்தடி வெளியே நின்றது. அதனால் நிழல் பட்டியலுக்குள் வந்தது, மரம் வரவில்லை.

குழுவினர் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் கூட்டம் என்றால் முதலில் குடிப்பது, பிறகு கையெழுத்து, கடைசியில் படிப்பது. இதைச் சோம்பல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். படித்தவனும் படிக்காதவனும் ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டே ஆகவேண்டியிருந்த வருடங்கள் இங்கே உண்டு. அப்போது பழகிய கை. அந்த வருடங்கள் போய்விட்டன, கை அப்படியே இருக்கிறது. மை காய்கிற நேரத்தில் படித்துக்கொள்ளலாமே, முன்னாலேயே படித்தால் சண்டைதானே வரும் என்பது ஜிக்மோந்தின் வாதம். முப்பது வருடமாக அவர்தான் மலை மணியக்காரர். அறுவடை எப்போது தொடங்கலாம் என்று மணியடித்துத் திறந்துவிடுவது அவர் வேலை. அவர் அடிக்கும் முன் ஒருவன் ஒரு கொத்தைக் கிள்ளினாலும் குற்றம். மற்ற நாட்களில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. அதைத்தான் அவர் நிர்வாகம் என்பார்.

ஒன்பது வருடம் மரமும் நிழலும் எல்லா மரமும் நிழலும்போலவே இருந்தன. மதியம் சரிவில் வேலை செய்கிற எல்லாரும் அங்கே வந்து உட்கார்ந்து பன்றிக் கொழுப்பும் ஊதா வெங்காயமும் ரொட்டியும் தின்றுவிட்டுப் போவார்கள். பத்தாவது வருடம் சுற்றுலாப் பேருந்துகளுக்காகச் சாலையோரம் ஒரு பார்வை மேடை கட்டினார்கள். மேடை கட்டி முடித்து ஏறி நின்ற பிறகுதான் மரம் மறைக்கிறது என்று தெரிந்தது. மரம் பட்டியலில் இல்லை. மார்ச் மாதம், மொட்டையாக நின்ற நூற்று முப்பது வயது மரத்தை ஊர்த் தலைவர் தெஜோ ஒரே காலையில் வெட்டிச் சாய்த்தார். அன்று மாலை சரியாக நான்கு மணிக்கு நிழல் வந்து பூனைப்பொந்தில் தன் இடத்தில் படுத்தது. படத்தில் இருந்த அதே இடம், அதே அளவு, அக்டோபர் இலைகள் முழுவதும் அடங்கிய நிழல். ஆறு மணிக்குச் சூரியன் போனது, நிழல் போகவில்லை. மறுநாள் காலை பனி எல்லாம் வெளுத்துக் கிடந்தபோது அது மட்டும் கறுப்பாகக் கிடந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். ஊரில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் கொத்தனார் விலை ஏறிவிட்ட செய்தி வந்தது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

ஓர்ஷோயாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. செரென்ச் நகரத்துக்குப் போய்வரும் பேருந்தை ஓட்டுகிறவள். கணவன் ஆஸ்திரியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு சமையற்காரியோடு தங்கிவிட்டான். அவளுக்கென்று இருந்தது பூனைப்பொந்தில் பதினாறு வரிசைக் கொடியும் கீழே ஒரு நிலவறையும். அந்தப் பதினாறில் நல்ல ஒன்பது வரிசைகளின் மேல் நிழல் படுத்திருந்தது. வெயில் படாத கொத்து பழுக்காது. ஐந்து அறுவடை தொடர்ந்து பழுக்காத நிலத்தை முதல்தர ஏட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று எங்கள் மலை விதியில் ஒரு வரி உண்டு. நீக்கிவிட்டால் அங்கே கொடி வைக்கும் உரிமை பக்கத்து நிலத்துக்காரனுக்குப் போகும். பக்கத்து நிலம் வில்மோஷின் நிறுவனத்துடையது. வில்மோஷ் மிக நல்ல மனிதர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர்ஷோயாவின் கஷ்டத்தைத் தன் நிறுவனம் மிகுந்த அக்கறையோடு கவனித்துவருவதாகச் சொல்வார். அது பொய்யில்லை. கவனித்துத்தான் வந்தார்கள்.

முதல் அறுவடை பொய்த்ததும் அவள் குழுவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஓர்ஷிக்கண்ணு, நிழல் பட்டியல்ல இருக்கும்மா. பட்டியல்ல இருக்கறத நான் எப்படி எடுக்கறது?” என்றார் ஜிக்மோந்த்.

“மரத்த எடுத்தீங்களே, ஜிகா மாமா.”

“மரம் பட்டியல்ல இல்லையே.”

“மரமே இல்லாம நிழல் எப்படி மாமா இருக்கும்?”

“இருக்குதேம்மா. வேணும்னா போய்ப் பாரு.”

தெஜோவும் ஓர்ஷோயாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் அவன் பக்கம் திரும்பினாள். “டேய் தெஜோ, நீதானடா வெட்டின. மிச்சத்தையும் நீயே எடுத்துட்டுப் போ.”

“வெட்டறதுக்குத்தான் உத்தரவு இருந்துது. நிழல் என் துறையில வராது. ரேக்கா மேடத்தக் கேளு.”

ரேக்கா மேடம் அளவெடுக்க வேண்டும் என்றார். பாதிரியார், உடல் போன பிறகும் மிஞ்சுவதைப் பற்றித் தனக்கு ஆயரிடம் கேட்காமல் கருத்துச் சொல்ல முடியாது என்றார். முறைப்படி மனு எழுதித் தரச் சொன்னார்கள். ஓர்ஷோயா பேருந்தின் பயணத்தாளைத் திருப்பிப் போட்டு அங்கேயே எழுதினாள்: ‘பூனைப்பொந்தில் கிடக்கும் நிழல், தன் மரம் இருக்கும் இடத்துக்குப் போகலாம் என்று கீழே கையெழுத்திடும் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.’ கீழே ஆறு கோடுகள் போட்டாள். இடத்தை எதற்கு எழுதினாய் என்று எமெஷே கேட்டாள். “எங்க போகணும்னு எழுதலன்னா அதுக்கு ஒரு உபகுழு போடுவாங்க” என்றாள். மனுவைத் தொண்ணூறு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தார்கள். ஆட்சேபம் ஏதும் வரவில்லை. அதற்குப் பிறகு ஐந்து உறுப்பினர்களில் ஒவ்வொருவரும், மற்ற நால்வரும் போட்ட பிறகு தான் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மனு எமெஷேயின் அலமாரிக்குப் போனது.

மார்ச்சில் வெட்டிய மரம் ஆறு வாரம் சாலையில் கிடந்தது. அதை எடுக்க லாரி ஏற்பாடு செய்ய குழுவால் முடியவில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஓர்ஷோயா சொன்னபோது எல்லாருக்கும் நிம்மதி. அவள் அதை அறுக்கக் கொடுத்தாள். அவள் நிலவறையின் பழைய கதவு உளுத்துப்போயிருந்தது, புதுக்கதவு வால்நட் பலகையில் செய்துகொண்டாள். நிலவறைக் கதவு பட்டியலில் எண் எழுபத்தொன்று. அதன் நிறத்தை முடிவு செய்ய குழு பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. பச்சை என்றார்கள், பழுப்பு என்றார்கள், புதிதாக இருக்கலாம் ஆனால் புதிதாகத் தெரியக்கூடாது என்றார்கள். கடைசியில் வண்ணமே அடிக்க வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கை தட்டிக்கொண்டார்கள். கதவு அதற்குள் ஒரு வருடமாக வண்ணமில்லாமல் மாட்டித்தான் இருந்தது.

இரண்டாம் அறுவடை பொய்த்தது, மூன்றாவதும் பொய்த்தது. அந்த வருடங்களில் குழு சும்மா இருக்கவில்லை. பங்கேற்பு முறையில் நிர்வாகம் செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததால், பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் ஒரு பட்டறை நடத்தினார்கள். எல்லாருக்கும் வண்ணத் துண்டுத்தாள் கொடுத்து ‘நிழல் உங்களுக்கு என்ன?’ என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். அடையாளம் என்று ஒருவர் எழுதினார், தாய்மை என்று ஒருவர். ஓர்ஷோயா ‘நிழல்’ என்று எழுதினாள். எந்தத் தலைப்பின் கீழும் வரவில்லை என்று அதைத் தனியாக எடுத்துவைத்தார்கள். அப்புறம் நிழலைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ‘நிழலை மிதிக்காதீர்’ என்று மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். அதன் பிறகு அவள் தன் கொடியைக் கத்தரிக்கவே ரேக்காவிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பேருந்துகள் வந்தன. பயணிகள் மேடையில் நின்று மரமில்லாத நிழலைப் படமெடுத்தார்கள். வெயில் சரியில்லை, நிழல் அவ்வளவு தெளிவாக விழவில்லை என்று ஒரு பெண் புகார்ப் புத்தகத்தில் எழுதினாள்.

நிழலுக்குள் எப்போதும் படமெடுத்த அந்த அக்டோபர் மாலைதான். ஜூலையில் கத்தரிக்கப் போனாலும் ஓர்ஷோயா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போவாள். அங்கே நுழைந்ததும் கைக்கடிகாரம் நான்கில் நிற்கும், வெளியே வந்ததும் ஓடும். அவள் நாய் ஆகஸ்ட் மதியங்களில் போய்ப் படுத்துவிட்டு முதுகில் பனித்துளியோடு திரும்பி வரும். அதற்கு அனுமதிச் சீட்டு இல்லை என்று ரேக்கா இருமுறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். நான்காம் அறுவடையும் பொய்த்தது. வில்மோஷின் ஆட்கள் பூனைப்பொந்தின் ஓரத்தில் நான்கு முளைக்குச்சிகள் அடித்துச் சிவப்பு நாடா கட்டினார்கள். இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்று ஓர்ஷோயா கேட்டதற்கு, இது வெறும் முன்னேற்பாடு என்றார் வில்மோஷ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஐந்தாம் வருடம் மே மாதத்தோடு மழை நின்றுவிட்டது. போத்ரோக் ஆறு படகுகளைச் சேற்றில் உட்காரவைத்துவிட்டு நடுவில் ஒரு வாய்க்காலாக ஓடியது. எங்கள் ஊரின் பிழைப்பு ஆற்றிலிருந்து இலையுதிர் காலத்தில் எழும் மூடுபனியில் இருக்கிறது. அந்தப் பனி பட்டால் பழத்தில் ஒரு சாம்பல் பூஞ்சை பிடிக்கும், பழம் சுருங்கித் தேனாகும். அந்தச் சுருங்கிய பழம்தான் அசூ. அது இல்லாவிட்டால் நாங்கள் வெறும் புளித்த திராட்சைக்காரர்கள். அந்த வருடம் ஆறே இல்லை, பனி எங்கிருந்து வரும்? செப்டம்பரில் நாற்பத்தொரு டிகிரி. சரிவு முழுவதும் கொத்துகள் கொடியிலேயே வெந்து கூழாங்கற்கள்போலத் தொங்கின. நிறுவனத்தின் எழுபது ஏக்கரும் வெந்தது, திருச்சபையின் நிலமும் வெந்தது, ஜிக்மோந்தின் நிலமும் வெந்தது. நிழலுக்குள் மட்டும் ஒன்பது வரிசைகளில் பழம் இருந்தது. அந்த வருட வெயில் இருட்டுக்குள்ளும் கசிந்து பழுக்கவைக்கும் அளவுக்கு இருந்தது. அந்த அக்டோபரின் ஈரம் கணுக்கால் உயரத்துக்கு அங்கேயே தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பழமும் சாம்பல் பூசிச் சுருங்கி, பார்த்தால் அசிங்கமாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

அக்டோபர் ஒன்பதாம் தேதி குழு முழுவதும் வேலியருகே வந்து நின்றது. அழைக்காமலே வந்தார்கள். ஐந்து பேரும் நேரத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. வில்மோஷ் கம்பிக்குள் கையை விட்டு ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார்.

“எச்சில் பண்ணாதீங்க சார், பாரம்பரியம்” என்றாள் ஓர்ஷோயா.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சப்பினார். பிறகு, இது ஒரு தனிப்பட்டவருடைய சொத்தாக இருக்க முடியாது என்றார்.

“அதேதான். பட்டியல்ல இருக்குன்னாலே அது பொதுதானே” என்றார் ஜிக்மோந்த். “அறுவட மணிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஆளுக்கு ரெண்டு நாள் அவங்கவங்க நிலத்துல படுக்கவெச்சா, எல்லாருக்கும் கொஞ்சமாவது பூஞ்ச புடிச்சுடும்.”

“அஞ்சு வருஷமா இத எடுங்கன்னு கேட்டுட்டிருக்கேன் மாமா.”

“இப்பதான் எடுக்கறோமேம்மா. உனக்கு எப்பவும் குறைதான்.”

யாருடைய நிலத்துக்கு முதலில் போவது என்று நான்கு மணி நேரம் சண்டை போட்டார்கள். நிழலில் எத்தனை பங்கு ஆண்டவருக்கு என்று பாதிரியார் கேட்டார். கடைசியில் நிறுவனம், திருச்சபை, ஜிக்மோந்த், தெஜோவின் மச்சினன், பிறகு குலுக்கல் முறையில் மற்றவர்கள், எல்லாருக்கும் கடைசியில் ஓர்ஷோயா என்று முடிவானது. அவள்தான் ஐந்து வருடம் தனியாக அனுபவித்துவிட்டாளே என்றார் தெஜோ. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை.

அப்புறம்தான் புது மனுவுக்குத் தொண்ணூறு நாள் அறிவிப்பு வேண்டும் என்று ரேக்காவுக்கு நினைவு வந்தது. தொண்ணூறு நாளில் கிறிஸ்துமஸே முடிந்துவிடும். அப்போது எமெஷே சொன்னாள், “பழைய மனு ஒண்ணு இருக்கு. நிழல் போகலாம்னு. அறிவிப்பெல்லாம் அப்பவே முடிஞ்சுது. கையெழுத்துதான் பாக்கி.” அதை ஓர்ஷோயாவே எழுதியது என்பது எல்லாருக்கும் பிடித்திருந்தது, அவளே கேட்டதைத்தானே நாம் கொடுக்கிறோம் என்று ஜிக்மோந்த் இருமுறை சொன்னார். எமெஷே அந்த மனுவை ஐந்து வருடம் தூசு தட்டி வைத்திருந்தவள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து அவளுக்குத் தெரியும். அவளைப் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆறாவது கையெழுத்து நிலத்துக்காரியுடையது. ஓர்ஷோயா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். “என் ஒன்பது வரிசைக்கு மட்டும் இப்பவே மணியடிச்சுத் திறந்துவிடுங்க. பறிச்சு முடிச்சதும் போடறேன்.”

“சீமோன் யூதா திருநாளுக்கு முன்னால அறுவட மணியடிக்கறதா! எங்கப்பா காலத்துலயே நடந்ததில்ல” என்றார் ஜிக்மோந்த்.

“அப்ப இருபத்தெட்டாந்தேதிவரைக்கும் அது இங்கயே படுத்துக் கிடக்கட்டும்.”

வில்மோஷ் ஜிக்மோந்தின் முழங்கையைத் தொட்டார். ஜிக்மோந்த் போய் மணியடித்தார். ஓர்ஷோயாவும் அவள் பணிமனைத் தோழிகள் இருவரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் பழம் பழமாகப் பொறுக்கினார்கள். முதுகுக் கூடையில் ஏழு கூடை. எமெஷே வந்து பார்த்து ஏட்டில் ‘பழுத்தது’ என்று எழுதி முத்திரை வைத்தாள். ஐந்து அறுவடைக் கணக்கு அந்த ஒரு சொல்லில் அறுந்துவிட்டது என்று வில்மோஷுக்குத் தெரியும். ஏழு கூடைக்காக எழுபது ஏக்கரை விட முடியாது. அன்று மாலை அவரே ஆளனுப்பி முளைக்குச்சிகளைப் பிடுங்கச் சொன்னார்.

நான்காம் நாள்தான் நான் மேலே சொன்ன கூட்டம். வில்மோஷின் ஜீப் முன்மூடியின் மேல் மனு எழுதிய பயணத்தாளை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு பக்கம் புட்டியை வைத்தார்கள். முதலில் ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள். பிறகு பேனா கைமாறியது. ஐந்து வருடம் நடக்காதது பன்னிரண்டு நிமிடத்தில் நடந்தது, அதிலும் பாதிரியார் கண்ணாடியைத் தேடியது நான்கு நிமிடம். கண்ணாடி கிடைக்கவில்லை, இல்லாமலே போட்டார். நிறுவனத்தின் ஆட்கள் எட்டுப் பேர் தார்ப்பாயும் கயிறும் நீளக் கம்புகளும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். நிழலை எப்படி நகர்த்துவது என்று யாருக்கும் தெரியாது. கம்பு இருந்தால் எதற்கும் ஆகும் என்று வந்திருந்தார்கள். கடைசியாக ஓர்ஷோயா போட்டாள். போட்டுவிட்டு ஊதி மையைக் காயவைத்தாள்.

நிழலின் ஓரங்கள் முதலில் அசைந்தன. பிறகு அது, நெடுநேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்த நாய் எழுவதுபோல எழுந்தது. கம்பி வேலியின் மேல் ஏறி, பலகையின் மூன்று மொழிகளையும் தாண்டி, சாலைக்கு வந்தது. கம்புக்காரர்கள் வழிவிட்டார்கள். நிறுவனத்தின் நிலம் மேலே இருக்கிறது. நிழல் கீழே இறங்கியது. போகிற வழியில் ஜிக்மோந்தின் காலணிகள் மேல் ஏறிப் போனது; குளிருகிறது என்று அவர் காலை உதறினார்.

“ஏய், எங்க போகுது அது? அந்தப் பக்கம் இல்ல!”

“தன் மரம் இருக்கற இடத்துக்குப் போகுது” என்றாள் ஓர்ஷோயா, பின்னால் நடந்துகொண்டே.

“மரத்தத்தான் வெட்டியாச்சே!”

“படிச்சுப் பாருங்க மாமா. மை காஞ்சிருக்கும்.”

நானூறு மீட்டர். ஊரே கதவைத் திறந்து நின்று பார்த்தது. முன்னால் நிழல், அதன் பின்னால் அவள், நாய், குழு, எட்டுக் கம்புகள், ஒரு தார்ப்பாய். நிலவறைகள் வரிசையாக இருக்கும் சந்தில் நான்காவது கதவு அவளுடையது, வண்ணமடிக்காத வால்நட் கதவு. நிழல் அதன் அடியில் நின்றது. பிறகு ஏறியது. பலகை பலகையாக, கணு கணுவாக, எந்தக் கிளை எந்தப் பலகையில் இருந்ததோ அங்கே பொருந்திக்கொண்டது. மிச்சமிருந்த இலைகள் எல்லாம் கதவிடுக்கில் உள்ளே நழுவிப் போயின. “டேய் தெஜோ, புடிடா!” என்று பாதிரியார் கத்தினார், ஞானஸ்நானம் கொடுத்ததிலிருந்து அவனை அப்படித்தான் கூப்பிடுகிறவர். தெஜோ கதவின் மேல் கையை வைத்தார். கதவைத்தான் பிடிக்க முடிந்தது.

அந்த வருடம் ஊரில் அசூ எடுத்தது அவள் ஒருத்திதான். குழு விசாரணை நடத்தியது. மனுவைப் படித்தார்கள். முறைப்படி நோட்டீஸ், முறைப்படி ஆறு கையெழுத்து. குழுவின் வரலாற்றில் ஒரு குறையுமில்லாத ஒரே தீர்மானம் அதுதான் என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கூட்டு நிர்வாகத்துக்கு முன்மாதிரி என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கையேட்டில் அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள், ஜிக்மோந்தின் படத்தோடு. பட்டியலில் எண் நூற்றுப்பதினான்கின் எதிரே இடத்தை மாற்றி எழுதினார்கள்: திமார் நிலவறை, உட்புறம். அங்கே இப்போது எப்போதும் அக்டோபர் மாலை நான்கு மணி. அவளுடைய பீப்பாய்கள் அவசரமில்லாமல் புளிக்கின்றன. ஒயின் பிரமாதம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நான் குடித்தேன், இனிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வெயில் வருடங்கள் வந்துவிட்டன. இரண்டு தடவையும் ஜிக்மோந்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தில் வந்து நின்றார். “ஓர்ஷிக்கண்ணு, ஒரே ஒரு வாரம்...” அவள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். மனு எழுதிக் கொடுங்கள், ஆறு கையெழுத்து வேண்டும், ஆறாவது என்னுடையது, வேண்டுமானால் அதற்குள் ஒரு உபகுழு போட்டுக்கொண்டிருங்கள் என்றாள். போட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை கூடுகிறது. சரிவில் வேலியும் ‘நிழலை மிதிக்காதீர்’ பலகையும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்க ஐந்து உறுப்பினர்களும் கையெழுத்துப் போட வேண்டும். பயணிகள் நல்ல வெயிலில் அந்த இடத்தைச் சுற்றி வளைந்து நடக்கிறார்கள். ஓர்ஷோயாவின் பதினாறு வரிசையும் பழுக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை, அக்டோபரில், ரேக்கா பட்டியலைச் சரிபார்க்க வருகிறார். ஓர்ஷோயா பூட்டைத் திறந்து விளக்கைக் கொடுப்பாள். ரேக்கா கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், கதவின் உட்புறத்திலிருந்து பூஞ்சை பிடித்த சுவர்வரை படர்ந்து நிற்கும் நிழலை நாடா வைத்து அளப்பார்: பதினொன்று, ஏழு. இருக்கிறது, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதுவார். போன வருடம் தோளில் இலை ஒன்றின் நிழலோடு வெளியே வந்துவிட்டார். ஓர்ஷோயா அதைக் கையால் தட்டி உள்ளே விட்டாள்.

“அடுத்த வருஷம் பார்க்கலாம் ஓர்ஷோயா.”

“சீட்டு எடுத்துட்டு வாங்க மேடம்.”

ரேக்கா சந்தில் இறங்கியதும் அவள் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.